லண்டன் பட்டத்துக்கு முன்னால் அறை வாடகையைக் கேளுங்கள்

ஒரு அம்மா எழுதியிருந்தார். மகனுக்கு 23 வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஏசி சர்வீஸ் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருக்கிறது. கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு ஆர்வம் என்று அம்மாவே எழுதுகிறார். பிடிக்காதது உறவினர்களுக்கு. 'இன்ஜினியரிங் படித்தவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறானே' என்று ஒவ்வொரு விசேஷத்திலும் பேச்சு. சித்தப்பா ஒருவர் தீர்வும் சொல்லிவிட்டார்: லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும், தங்குகிற செலவைப் பையன் பார்ட் டைம் வேலையில் பார்த்துக்கொள்வான். அம்மாவின் கேள்வி, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பது.

அம்மா, 23 வயதில் எதுவும் கைவிட்டுப் போகவில்லை, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் இந்தத் திட்டம் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பார்ட் டைம் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பட்டப் படிப்பு படிக்கும் வெளிநாட்டு மாணவர் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் முழு 20 மணி நேரமும் வேலை கிடைத்தாலும் மாதம் சுமார் 1,058 பவுண்டுதான் வரும். லண்டனில் ஒரு மாணவருக்கு மாதம் இவ்வளவு தேவைப்படும் என்று விசாவுக்காக அந்த அரசே வைத்திருக்கும் தொகை 2025 நவம்பர் முதல் 1,529 பவுண்டு. லண்டனுக்கு வெளியே 1,171. வேலை முழுசாகக் கிடைத்தாலும் துண்டு விழுகிறது. கல்லூரிக் கட்டணம் இதில் சேரவில்லை. ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் சேரவில்லை. சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. இந்தக் கூட்டல் கழித்தலை அவர் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

படித்து முடித்த பிறகு? 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை தேட 18 மாதம்தான், முன்பு போல இரண்டு ஆண்டு இல்லை. அப்புறமும் தங்க வேண்டுமென்றால் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளி வேண்டும். அந்த விசாவுக்குக் காட்ட வேண்டிய பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டு, அதுவே 33,400. மேனேஜ்மென்ட்டில் ஓராண்டுப் பட்டம் வைத்திருக்கும், அந்தத் துறையில் விருப்பமே இல்லாத ஒரு பையன் அந்தச் சம்பளத்தை 18 மாதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பத்திரம் வங்கியில் இருக்கும், பையன் வீட்டில் இருப்பான்.

கனடா, ஆஸ்திரேலியா பற்றி எல்லாரும் பேசியாயிற்று, நான் நீட்டவில்லை. கட்டணம் போக ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை கனடாவில் 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடா டாலர், ஆஸ்திரேலியாவில் 2024 மே முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர். அங்கேயும் இதே பள்ளம்தான்.

நாடுகளை ஒப்பிடும்போது பெரும்பாலான குடும்பங்கள் செய்வது ஒன்று உண்டு. அங்கே கிடைக்கும் சம்பளத்தை நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்து மலைத்துப்போவார்கள். செலவை மாற்றிப் பார்ப்பதில்லை. இரண்டையும் மாற்றவே வேண்டாம் என்பேன். அந்த ஊர்ப் பணத்திலேயே, பிடித்தம் போகக் கையில் வருவதில் வாடகைக்கு எத்தனை பங்கு போகிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் மூச்சு விடலாம். பாதியைத் தொட்டால் மாதக் கடைசியில் வீட்டிலிருந்து பணம் போக வேண்டியிருக்கும். நாட்டின் சராசரி விலைவாசிப் பட்டியல் இதைக் காட்டாது, ஒரே நாட்டுக்குள் இரண்டு ஊர்களுக்கு நடுவே வாடகை இரண்டு மடங்குக்கு மேல் மாறும். வாடகையைச் சொல்லும் விதமும் மாறும். ஆஸ்திரேலியாவில் வாரக் கணக்கில் சொல்வார்கள். நான்கால் பெருக்கினால் தப்பு, 52 வாரத்தை 12 மாதத்துக்குப் பங்கிட வேண்டும். இங்கிலாந்தில் முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஜெர்மனியில் 'குளிர் வாடகை', 'சூடான வாடகை' என்று இரண்டு உண்டு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது குளிர் வாடகை; வெந்நீர், ஹீட்டிங், குப்பைச் செலவு சேர்ந்தால்தான் அது சூடான வாடகை. மின்சாரம் பெரும்பாலும் அதற்கும் வெளியே.

ஜெர்மனி என்றதும் கட்டணமில்லாத எம்.எஸ். என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு நான் சொல்வது ஔஸ்பில்டுங். அங்கே தொழில் பயிற்சிக்கு அதுதான் பெயர். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அல்லது சில வாரங்கள் சேர்த்து, தொழிற்பள்ளி. மீதி நாட்கள் நிறுவனத்தில் வேலை. பள்ளிக்குக் கட்டணம் கிடையாது, நிறுவனம் முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை தருகிறது. குளிர்பதன மெக்கட்ரானிக் (இயந்திர வேலையும் மின்னணு வேலையும் சேர்ந்தது) என்று தனியாக ஒரு பயிற்சியே இருக்கிறது, மூன்றரை ஆண்டு. ஏசி, குளிர்கிடங்கு, சூப்பர் மார்க்கெட் குளிர்சாதனம், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என எல்லாம் இதில் வரும். ஐரோப்பாவில் குளிர்பதன வாயுவைத் தொடவே சான்றிதழ் வேண்டும், இந்தப் படிப்பை முடித்தவருக்கு அந்தத் தகுதி கிடைத்துவிடும். உறவினர்கள் வெட்கப்படும் அந்த ஏணி வேலைதான் இது.

பணம் எவ்வளவு? சட்டம் சொல்லும் குறைந்தபட்ச உதவித்தொகை, 2025இல் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டில் மாதம் 682 யூரோ, இரண்டாம் ஆண்டில் 805, மூன்றாம் ஆண்டில் 921, நான்காம் ஆண்டில் 955. பல தொழில்களில் இதைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள். அரசுத் துறை மருத்துவமனைகளின் செவிலியர் பயிற்சியில் 2025 ஏப்ரலில் முதலாண்டுக்கே 1,415 யூரோ. இதிலிருந்து மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிடிப்பார்கள். காப்பீட்டில் பாதியை முதலாளி கட்டுகிறார்.

682இல் மூனிக்கில் வாழ முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பகிர்ந்து தங்கும் வீட்டில் ஒரு அறையே சுமார் 800 யூரோ. கெம்னிட்ஸ் மாதிரியான கிழக்கு ஊர்களில் அதே அறை 300ஐ ஒட்டிக் கிடைக்கும். அதனால் தொழிலைத் தேர்ந்தெடுத்த கையோடு ஊரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே 'பயிற்சி மாணவர் விடுதி உண்டா?' என்று நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். பல மருத்துவமனைகளிலும் சில பெரிய நிறுவனங்களிலும் உண்டு. இல்லையென்றால் நகரத்தில் வேலை, பக்கத்துச் சிறிய ஊரில் அறை என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகும் மாதச் சீட்டு 2026 ஜனவரி முதல் 63 யூரோ. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை, அதை மூன்று தவணையில் கட்டச் சட்டமே இடம் தருகிறது. தனி வீடு எடுத்தால் பல வீடுகளில் சமையலறை மேடைகூட இருக்காது, நாம்தான் வாங்கிப் போட வேண்டும். ஆகவே முதல் ஆண்டு தளவாடங்களோடு உள்ள பகிர்வு அறைதான். உதவித்தொகை செலவுக்குப் போதவில்லை என்று தூதரகம் கருதினால், குறையும் தொகையை வங்கியில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். வாரம் 20 மணி நேரம் வேறு வேலை பார்க்கவும் அனுமதி உண்டு.

பட்டம் இல்லையே என்று சித்தப்பா கேட்பார். இந்தப் பயிற்சிக்கு மேல் 'மைஸ்டர்' என்று ஒரு தகுதி இருக்கிறது. ஜெர்மனியின் தகுதிக் கட்டமைப்பில் அது ஆறாவது படி, இளநிலைப் பட்டமும் அதே படியில்தான். பயிற்சி முடித்துத் தேர்ந்த பணியாளராக இரண்டு ஆண்டு வேலை செய்து ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டியிருந்தால், அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இதில் கஷ்டமானது மொழி. மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளப்பார்கள். விசாவுக்குப் பொதுவாக ஜெர்மன் பி1 வேண்டும், தொழிற்பள்ளியில் பாடம் புரிய பி2 இருந்தால்தான் நல்லது. பி1 வரைக்கும் தினமும் உட்கார்ந்து படித்தாலும் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். பயிற்சிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகின்றன, இடங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே ஆள் தேடுகிறார்கள். ஜெர்மன் அரசின் 'மேக் இட் இன் ஜெர்மனி' தளத்திலும், கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் தளத்திலும் இடங்களை நேரடியாகப் பார்க்கலாம். இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி மாணவரிடம் பயிற்சிக்காகப் பணம் வாங்கும் ஒப்பந்தம் அந்த நாட்டின் தொழிற்கல்விச் சட்டப்படி செல்லாது.

வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். மொழி வகுப்பு, தேர்வு, விசா, விமானச் சீட்டு, முதல் மூன்று மாதக் கைச்செலவு, முன்பணம் ஆகியவற்றைச் சேமிப்பிலிருந்து போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பையன் இன்னும் ஓராண்டு இங்கேயே சம்பாதித்துக்கொண்டு ஜெர்மன் படிக்கட்டும். வேலை அனுபவமும் விண்ணப்பத்தில் கைகொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் சித்தப்பா சொன்னது இருக்கிறது, அப்பாவின் பயம் இருக்கிறது, மகன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. அவனைக் கேளுங்கள். வெளிநாடே வேண்டாம், இங்கேயே சொந்தமாக சர்வீஸ் கடை போடுகிறேன் என்று அவன் சொன்னால் அதுவும் நல்ல பதில்தான், அதற்கான கணக்கை உட்கார்ந்து போடலாம். போக விருப்பம் என்றால், வரும் வாரமே ஏ1 வகுப்பில் சேரச் சொல்லுங்கள். மூன்று மாதம் அந்த மொழி அவனுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள், ஊர்ப் பட்டியலும் வாடகையும் வைத்துக்கொண்டு அப்போது பேசுவோம்.