வாசகர் கேள்வி – பதில்: மலையும் கல்வெட்டும்

கேள்வி: ஐந்து பேராக அம்பாறை மாவட்டத்தில் உள்ள ராஜகல மலைக்குப் போக இருக்கிறோம். எந்த மாதம் நல்லது? தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், கல்முனை

பதில்: பெப்ரவரி, மார்ச். மாரி ஓய்ந்து பாறையில் பாசி காய்ந்திருக்கும், வெயிலும் முற்றியிருக்காது. மாரியில் போகவே வேண்டாம். மரநிழலில் கிடக்கும் கற்படிகளின் வழுக்கல் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் ஆளை விழுத்தும்.

கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில்தான் வசதி என்றால் வாசல் திறந்ததும் ஏறி, 10.30க்குள் இறங்கிவிடுங்கள். மொட்டைப் பாறை வெயிலைக் குடித்துவைத்துக் கீழிருந்தும் சுடும். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர் வேண்டும். ஐந்து பேருக்கு 15 லீற்றர், அதாவது 15 கிலோ. அவரவர் தண்ணீரை அவரவரே சுமக்கட்டும். யாருக்காவது பாதித் தண்ணீர் முடிந்தால், உச்சி எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் எல்லோரும் திரும்புங்கள். உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் பக்கற் இரண்டு எடுங்கள். ஒரு பக்கற்றை ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் கரைத்தால் உப்புக் கூடி உடம்புக்குக் கெடுதலாகும்.

கேள்வி: குகைகளில் பிராமி என்ற பழங்கால எழுத்து இருக்கிறது என்கிறார்கள். போனால் கண்ணுக்குத் தெரிவதில்லையே?
– வாசகர், ஏறாவூர்

பதில்: குகை வாசலுக்கு மேலே பாறையின் நெற்றியைப் பாருங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வடியாமல் வெளியே சொட்டுவதற்காக ஒரு நீண்ட விளிம்பு கொத்தியிருப்பார்கள். எழுத்து பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே ஒரே வரியாக ஓடும், ஏனென்றால் மழை படாத இடம் அதுதான். குகையைத் தானம் கொடுத்தவரின் பெயரும் உறவும் பட்டமுமே அதில் அதிகம் இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மனிதர்களின் பெயர்கள் இவை. நின்று பார்க்கத்தான் வேண்டும். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், அவரோடு வந்த இட்டிய தேரர் இருவரின் தூபி இது என்று சொல்லும் கல்வெட்டும் ராஜகலவிலேயே உண்டு.

உச்சி வெயிலில் கொத்திய பள்ளத்தில் நிழல் விழாது, அதனால் எழுத்து மறைந்துபோகும். காலைச் சாய்வெயிலில் பாருங்கள். இல்லாவிட்டால் ரோர்ச் லைற்றைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள், ஒன்றில் மறைந்த கோடு மற்றதில் தெரியும். சோக்கட்டியால் மட்டும் எழுத்தை நிரப்பாதீர்கள். பாறை வெடிப்பையும் எழுத்தென்று நினைத்து இழுத்த கோடு அடுத்து வருபவரையும் பிழையாக வாசிக்க வைக்கும். தொல்பொருளில் கீறுவது சட்டப்படி குற்றமும்கூட.

கேள்வி: குடும்பிமலையும் குடும்பிகலவும் ஒன்றா?
– வாசகர், வந்தாறுமூலை

பதில்: இல்லை. குடும்பிமலை உங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருப்பது. தொப்பிகல என்பதும் அதுவே. குடும்பிகல அம்பாறை மாவட்டத்தில், பாணமையிலிருந்து உகந்தை போகும் வழியில் இருக்கும் பழைய பௌத்தக் குகைத்தலம். இன்றும் பிக்குகள் தியானத்தில் இருக்கும் ஆரணியம் என்பதால் சத்தம் போடாதீர்கள். தூபி அருகே செருப்பைக் கழற்ற வேண்டும். மதியத்தில் பாறை உள்ளங்காலைப் பொசுக்கும், தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். பாறை இடுக்கில் தேன்கூடு தொங்கினால் புகையும் வாசனைத் தெளிப்பும் ஆகாது. அந்த வழி யானைக்காடு: பிற்பகல் 3 மணிக்கே புறப்பட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பாணமைக்கு வந்துவிடுங்கள்.