மருத்துவர் பதில்: எழுதும்போது சொல் தவறுவது மறதி நோயின் தொடக்கமா?

தங்கள் தந்தையாருக்கு வந்த மறதி நோய் தங்களுக்கும் வந்துவிட்டதோ என்ற அச்சம்தான் அந்த நீண்ட கடிதத்தை எழுத வைத்திருக்கிறது என்பதால், அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்கள் விவரித்திருப்பவற்றில் மறதி நோயைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம் எதுவும் இல்லை. பகல் முழுவதும் அலுவலகக் கணக்கு வழக்குகளைப் பார்த்துவிட்டு, வீடு அடங்கிய பிறகு பத்தரை மணிக்கு நாவலை எடுத்துவைத்துக்கொண்டு ஒன்றரை மணி வரை எழுதுகிற 52 வயதுக்காரர், 'மழை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மலை' என்று எழுதுவதும், ஒரே சொல்லை அடுத்தடுத்து இருமுறை எழுதிவிடுவதும், நன்கு தெரிந்த சொல் கிடைக்காமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதும் களைத்த மூளையின் வழக்கமான பிழைகள். தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றின் முடிவு. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 மட்டுமே. காலை ஆறு மணிக்கு எழுந்துவிட்டு நள்ளிரவு தாண்டி எழுதுகிற தாங்கள், மது அருந்தாமலேயே அந்த எல்லையைத் தாண்டியவர்.

மறதி நோய் இல்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான ஆதாரத்தைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவில் எழுதியதைக் காலையில் படித்தால் பிழைகள் அத்தனையும் கண்ணில் பட்டு வெட்கமாக இருக்கிறது என்கிறீர்கள். களைப்பில் மூளை தாளில் இருப்பதைப் படிக்காமல், தான் எழுத நினைத்ததையே படிக்கிறது. உறங்கி எழுந்ததும் அந்த மயக்கம் விலகுகிறது. மறதி நோயில் காலை வந்தாலும் தெளிவு வருவதில்லை. பெரும்பாலும் நோயாளிக்கு முன்பாக வீட்டார்தான் மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கண் எரிச்சல், இமை துடிப்பு, மணிக்கட்டு வலி ஆகியவற்றைப் பற்றி எழுதிய முக்கால் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. இமை துடித்தால் மூளைக்கட்டி என்று இணையத்தில் யார் எழுதியிருந்தாலும், அதை இரவு ஒரு மணிக்குப் படித்ததுதான் தாங்கள் தங்களுக்குச் செய்துகொண்ட கெடுதல்.

என் கவனத்தை நிறுத்தியவை, தாங்கள் இணைத்து அனுப்பியிருந்த இரண்டு கையெழுத்துப் பக்கங்கள். முதல் பக்கத்தின் நடுவில் ஒரு வரி மெல்லக் கீழ்நோக்கிச் சரிந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்து, ஒரு நீண்ட கோடாக இழுபட்டு நிற்கிறது. நான்கு விரல் இடைவெளிக்குப் பிறகு எழுத்து மீண்டும் நேராகத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரியில் தங்கள் கதாநாயகி பேருந்துக்காகக் காத்திருக்கிறார். அடுத்த வரியில் 'மார்ச் மாத வவுச்சர் ஒட்டவில்லை' என்று இருக்கிறது. இதை எழுதியதாக நினைவே இல்லை என்று பயந்திருக்கிறீர்கள். அந்தச் சில விநாடிகள் தாங்கள் உறங்கிவிட்டீர்கள், கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. நினைவில் இல்லாததற்கு அதுவே காரணம். காகிதத்தில் நேர்ந்தால் இது ஒரு வரி வீணாவதோடு போய்விடும். ஆனால், மாலையில் வீடு திரும்பும்போது சிக்னலில் வண்டியை நிறுத்திய நிலையிலேயே கண் சொக்கிவிட்டதாகவும், பின்னாலிருந்தவர் ஒலி எழுப்பிய பிறகே விழித்ததாகவும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அதுதான்.

அதற்குப் பக்கத்திலேயே, தாங்கள் பலமாகக் குறட்டை விடுவதாகவும், நடுவில் சத்தமே இல்லாமல் போய்ப் பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குவதாகவும் மனைவியார் சலித்துக்கொள்வதை வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். காலையில் தலைவலியோடு எழுவதும், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டும் அது அடங்காதிருப்பதும் இதனோடு சேர்கின்றன. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடையைத்தான் முதலில் சந்தேகிப்பார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி, உறங்குபவர் அறியாமலேயே அவரை அரைவிழிப்புக்குக் கொண்டுவருகிறது. நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேல் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்பு தீராததற்கு இது காரணமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சாலை விபத்துக்கு அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை.

இந்த நிலையில், எழுதி முடித்தும் உறக்கம் வராத இரவுகளில் நண்பர் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தில் பாதி மாத்திரை போட்டுக்கொள்வதாக எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மருத்துவர் சீட்டின்றிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிற மருந்து அது. தளர்ந்துபோகும் தொண்டைத் தசையை அது மேலும் தளர்த்தும், அரைவிழிப்புக்குக் கொண்டுவந்து காப்பாற்றுகிற மூளையையும் மந்தமாக்கும், போதாக்குறைக்கு மறதியையும் உண்டாக்கும். எப்போதாவது போட்டிருந்தால் இனித் தொடாதீர்கள். தினமும் விழுங்கும் அளவுக்குப் போயிருந்தால் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். நினைவாற்றலுக்கென்று வாங்கிய மூலிகை மாத்திரைகளுக்கு இனிப் பணம் செலவழிக்க வேண்டாம். வைட்டமின் பி12 குறைவாக இருக்கிறதா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

இந்த வாரத்திலேயே நுரையீரல் நோய் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். மனைவியாரையும் அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் அந்தத் திணறலைக் கேட்டவர் அவர்தான். தாங்கள் உறங்கும்போது இரண்டு நிமிடம் கைப்பேசியில் படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள், பல வார்த்தைகளை அது மிச்சப்படுத்தும். ஓர் இரவு உறக்கப் பரிசோதனை செய்வார்கள். நோய் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியும் உடல் எடைக் குறைப்பும் பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகின்றன. பரிசோதனை முடிந்து மருத்துவர் சொல்லும் வரை அலுவலகத்துக்குப் பேருந்தில் போய்வாருங்கள், இதில் விலக்கு கேட்காதீர்கள்.

எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பத்து மணிக்குக் குடிக்கிற காபியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு அப்போதே படுத்து, ஐந்து மணிக்கு எழுந்து எழுதிப் பாருங்கள். இரவில் ஏதேனும் தோன்றினால் இரண்டு வரி குறித்துக்கொள்ளலாம். திருத்தும் வேலை மட்டும் இரவில் வேண்டாம். எம்ஆர்ஐ எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பணத்தை உறக்கப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டு, அறிக்கையில் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற எண்ணை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.