பட்டறைக் கேள்வி-பதில்: எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது?

மழை ஆரம்பித்ததிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைச் சொல்கின்றன. வண்டி மிஸ் ஆகிறது (சிலிண்டரில் எரிய வேண்டிய எரிபொருள் நடுநடுவே எரியாமல் போகிறது), ஜெர்க் அடிக்கிறது, இழுவை இல்லை. அதனால் பிரேக், கிளட்ச் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை மிஸ்ஸிங் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன்.

2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறினால் உதறுகிறது. அப்போது இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிகிறது. இறங்கியதும் நிலையாக எரிகிறது. நாலு காயில், நாலு பிளக், நாலு இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? (வாசகர், திருப்பூர்)

வேண்டாங்க. பொறிக்கு மின்சாரம் தரும் காயில், பொறி விடும் பிளக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று, எந்த சிலிண்டர் என்றே பார்க்காமல் பன்னிரண்டு பாகங்களை மாற்றச் சொல்வதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் பணம் போவது ஒரு பக்கம். பழுது எதனால் வந்தது என்று கடைசி வரை யாருக்குமே தெரியாமல் போய்விடும். நாளைக்கு அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அந்த லைட். நிலையாக எரிந்தால் பழுது பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பட்டறையில் காட்டுங்கள் என்று பொருள். விட்டு விட்டு எரிந்தால் அந்த நொடியிலேயே, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. உள்ளே சூடு 1000 டிகிரியைத் தாண்டினால், தேன்கூடு மாதிரி இருக்கும் அந்தப் பீங்கான் கெட்டு, உருகி அடைத்துக்கொள்ளும். அதன் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். அந்த விலையை நினைத்துப் பாருங்கள். லைட் சிமிட்டினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக ஓட்டி, முடிந்தால் ஓரம் கட்டிவிடுங்கள். பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவதை விட இழுத்துக்கொண்டு போவது செலவு குறைவு.

அடுத்தது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர். 2015 வண்டி என்பதால் எந்த சிலிண்டர் என்று அதுவே ஒரு கோடு (code, பழுது எண்) காட்டிச் சொல்லும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 இரண்டாவது, இப்படி 0304 வரை. பி 0300 என்றால் ஒன்று என்றில்லாமல் பலவற்றில் மாறி மாறி மிஸ் ஆகிறது. உங்களுக்கு பி 0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழுது எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு, இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். அதே மேம்பாலம் ஏறுங்கள். பி 0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். பழுது எண் இரண்டாவதிலேயே நின்றால் இதே மாதிரி பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர். இந்த வேலைக்கு ஒரு பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரும், பிளக் ஸ்பேனரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் உதறுகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகலமாகியிருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். அந்த வோல்டைத் தாங்காமல், காயில் ரப்பரில் இருக்கும் மெல்லிய விரிசல் வழியாக மின்சாரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கசிந்துவிடும். காயில் ரப்பரின் உள்பக்கத்திலும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பிளக்கில் புதுக் காயிலைப் போட்டால் அந்தக் காயிலும் சீக்கிரம் போய்விடும். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். உங்களுடையது 72,000 வரை மாற்றாத நிக்கல் பிளக்காக இருந்தால், மற்ற பாகங்களை எல்லாம் விட்டுவிட்டு அதிலிருந்து தொடங்குங்கள்.

சர்வீஸ் விட்டபோது இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவித் தந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து மிஸ்ஸிங். (வாசகர், ஈரோடு)

பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். காயிலைக் கழற்றிப் பாருங்கள், அடியில் ஈரமோ துருவோ தெரியும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: குழியில் தண்ணீர் நிற்கும்போது பிளக்கைக் கழற்றக் கூடாது. அந்தத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் கம்ப்ரஸர் காற்றால் ஊதி, துணி சுற்றிய குச்சியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும்.

தண்ணீருக்குப் பதிலாக ஆயில் நின்றால் அது வேறு பழுது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கும், அதோடு வரும் வட்டமான குழாய் சீல்களும் போய்விட்டன. அதைச் சரிசெய்யாமல் காயில் மட்டும் மாற்றினால் புதுக் காயிலின் ரப்பரும் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

கால் டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணா. சி.என்.ஜி. வண்டி. கேஸில் போனால் மிஸ் ஆகிறது, பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகிவிடுகிறது. கேஸ் கிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், சென்னை)

தம்பி, உங்கள் வண்டியே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. பெட்ரோலில் சீராக ஓடுகிறது என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டர் கலவையை அழுத்தும் திறன்) பெரிதாகப் போகவில்லை. மிச்சம் இரண்டு இடம்தான்: ஒன்று பொறி, இன்னொன்று கேஸ் வரும் வழி.

பொறியை முதலில் பாருங்கள். பெட்ரோல் கலவையை விட கேஸ் கலவையைப் பற்றவைக்க அதிக வோல்ட் வேண்டும். அதனால் பிளக்கோ காயிலோ லேசாகத் தளர்ந்தாலும் முதலில் கேஸில்தான் தெரியும், பெட்ரோலில் இன்னும் பல ஆயிரம் கி.மீ. ஓடும். கேஸ் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் பிளக்கையே போடுங்கள். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று வேறு நம்பர் கொடுத்தால் வாங்காதீர்கள். புதுப் பிளக் போட்டும் மிஸ் ஆனால் கேஸ் ஃபில்டர், அப்புறம் ரெகுலேட்டர் அழுத்தம், கடைசியாக கேஸ் இன்ஜெக்டர். கிட் மாற்றும் பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியை நம்பித்தான் உங்கள் குடும்பம் ஓடுகிறது. கேஸிலேயே அதிகம் ஓடும் இன்ஜினில் வால்வு சீட் (வால்வு மூடி உட்காரும் வளையம்) சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் போய் வால்வு முழுசாக மூடாது. அப்போது பெட்ரோலிலும் மிஸ் ஆகும், வால்வு கருகியும்விடும். டேப்பெட் சத்தம் போட்டால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். சத்தம் ரொம்பக் குறைந்து போன வண்டியை யாரும் கவனிப்பதில்லை, கேஸ் வண்டியில் அதுதான் எனக்குப் பயம். கையேட்டில் சொன்ன கி.மீ.யில் இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று சிலிண்டர் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சிக்னலில் நிற்கும்போது சீட் வரை அதிர்கிறது. இது மிஸ்ஸிங்கா? (வாசகி, திண்டுக்கல்)

பெரும்பாலும் இல்லை அம்மா. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஐடிலிங்கில் கொஞ்சம் அதிர்வு இயல்பு. வண்டியை வெட்ட வெளியில் நிறுத்திவிட்டு, சைலன்சர் வாயைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று ஒரே சீராக வந்தால் பயமில்லை. நடுநடுவே ஒரு அடி விட்டுப் போய் "புஸ்" என்று வந்தால் அதுதான் மிஸ்ஸிங். சீராக வந்தும் முன்பை விட அதிர்வு கூடியிருந்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாத வண்டிக்கு வாரண்டி இருக்கும், நீங்கள் பைசா கொடுக்க வேண்டியதில்லை.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். சிலிண்டருக்குள் சென்சார் எதுவும் இல்லாதபோது, மிஸ் ஆனதை இ.சி.யு. எப்படிக் கண்டுபிடிக்கிறது? (மாணவர், சேலம்)

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு. அதைக் கண்டுபிடிப்பது, பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தை வைத்துத்தான்.

நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 180 டிகிரி திரும்புவதற்கு ஒரு முறை ஏதாவது ஒரு சிலிண்டர் எரியும். பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசை. ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்க்குக்கு ஒரு சின்னத் தள்ளு கிடைக்கிறது. எரியாவிட்டால் அந்த 180 டிகிரியைக் கடக்க ஒரு துளி நேரம் கூடுதலாக ஆகும். கிராங்க் சக்கரத்தில் இருக்கும் பற்களை சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. பல வண்டிகளில் 60 பல்லுக்கான இடம், அதில் இரண்டு பல் இருக்காது. ஒரு பல்லுக்கு 6 டிகிரி, ஆக ஒரு எரிப்புக்கு 30 பல் இடைவெளி. அந்த 30 கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று இ.சி.யு. அளக்கிறது. வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாரோடு ஒப்பிட்டு, தாமதமானது எந்த சிலிண்டரின் முறை என்று குறித்துக்கொள்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100 முறை இந்தக் கணக்கு நடக்கிறது!

இதிலிருந்து நீ இரண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் குதிக்கும்போதும் கிராங்க் வேகம் தடுமாறும். அதை மிஸ்ஸிங் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் பல வண்டிகளில் ஏ.பி.எஸ். சக்கர சென்சார் தகவலையும் இ.சி.யு. பார்க்கிறது. இரண்டாவது, மிஸ் ஆனது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பி 0302 என்றால் "இரண்டாவது காயிலை மாற்று" என்று அர்த்தமில்லை. இதை உன் நண்பர்களுக்கும் சொல்லு.

அப்புறம், பிராக்டிகல் வகுப்பில் ஓடும் இன்ஜினில் காயிலைப் பிடுங்கி எந்த சிலிண்டர் என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு. அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். 25,000 வோல்ட்டுக்கு மேல் கையில் அடிக்கும், எரியாத பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்று. இன்ஜின் வேகம் குறைந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் என் வண்டி மிஸ் ஆகக் காரணமா? கோடு பி 0304. (வாசகர், தஞ்சாவூர்)

ஒரே டேங்க், ஒரே பெட்ரோல், நாலு சிலிண்டருக்கும் போகிறது. நான்காவது மட்டும் மிஸ் ஆனால் பெட்ரோலைச் சொல்ல முடியாது. காயில், பிளக், இன்ஜெக்டரைப் பாருங்கள். இன்ஜெக்டர் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், தஞ்சாவூர்ப் பக்கம் வயலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம். பெட்ரோல் போட்ட கையோடு மிஸ்ஸிங் ஆரம்பித்து, கோடும் பி 0300 ஆக இருந்தால் மட்டும் டேங்கைச் சந்தேகப்படலாம். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, நெருப்பு இல்லாத இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றும் மாற்றியாகிவிட்டது. இன்னும் பி 0303. ஐடிலிங்கில் அதிகம், ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் குறைகிறது. இனி என்ன செய்வது? (வாசகர், நாகர்கோவில்)

பாகங்களை மாற்றும் முன்பே கம்ப்ரஷனைப் பார்த்திருக்க வேண்டும் என்று வருத்தமாக இருக்கிறது. பணம் எல்லாம் போட்ட பிறகு யாரும் கம்ப்ரஷன் கேஜை எடுக்கவே இல்லை.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ரேஸ் கொடுத்தால் குறைகிறது என்பதால், மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மானிஃபோல்டு பேக்கிங்கில் காற்று இழுக்கிறதா, அதன் பக்கத்து வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். புகை விட்டுப் பார்க்கும் மெஷின் உள்ள பட்டறையாக இருந்தால் நல்லது. ஸ்ப்ரே அடித்துப் பார்க்கும் முறை சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும், அதை நான் சொல்ல மாட்டேன்.

அங்கே கசிவு இல்லையென்றால் கம்ப்ரஷன். நாலு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களைப் பிரித்து, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று. மற்ற மூன்றும் 170 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டி, மூன்றாவது 110 காட்டினால் விஷயம் வெளியே வந்துவிட்டது. இருப்பதிலேயே அதிகமான அளவுக்கும் குறைவான அளவுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே கவலைப்பட வேண்டும்.

அடுத்து, மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் குறைவாக இருந்தால் நடுவில் ஹெட் பேக்கிங் போயிருக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பிஸ்டனை மேலே நிறுத்தி பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்து எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் பேக்கிங்.

வால்வு என்று தெரிந்தால் உடனே ஹெட்டைக் கழற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் டேப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாமல் போனதால் மட்டும் கம்ப்ரஷன் விட்டுப் போன வண்டிகள் உண்டு, அது ஒரு நாள் வேலைதான். அளவுகளைப் பேப்பரில் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.