வாசகர் கேள்வி–பதில்: அலமாரிக்குள் இருக்கும் இசை

கேள்வி: என் கணவர் நாடகங்களுக்கும் பக்திக் கேசட்டுகளுக்கும் இசையமைத்தவர். 2019இல் காலமானார். 40 ஸ்பூல் டேப், நூறு கேசட், ஸ்வரம் எழுதிய 22 நோட்டுகள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? உரிமை யாருக்கு? (வாசகி, மதுரை)

பதில்: டேப்பைத் தொடுவதற்கு முன் புது நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பாட்டு, யார் பாடியது, யார் வாசித்தது, என்ன ராகம், எத்தனை கட்டை சுருதி என்று ஞாபகம் வரும்வரை எழுதுங்கள். 'ரிகர்சல் 2' என்று மட்டும் எழுதிய பெட்டி எந்த நாடகத்துடையது என்பது உங்களுக்கும் அவரோடு வாசித்தவர்களுக்கும்தான் தெரியும். அவர்களையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கட்டையைக் கட்டாயம் குறியுங்கள். மெஷின் வேகம் 6 சதவீதம் கூடினாலே அரைக் கட்டை ஏறிவிடும். நாலு கட்டைப் பாட்டு நாலரையில் கேட்டால் பதிவில் பிசகு என்று உடனே பிடித்துவிடலாம்.

ஸ்பூல்களை வீட்டு மெஷினில் ஓட்டிப் பார்க்காதீர்கள். எழுபது, எண்பதுகளின் டேப்புகள் சிலவற்றில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஓட்டினால் கிறீச்சிடும், பூச்சு உரிந்து, மெஷினில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அனுபவசாலிகள் அதை 50–55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி, சில வாரங்களுக்குள் பதிவெடுப்பார்கள். அதைவிடப் பழைய அசிடேட் டேப்புக்கு இந்தச் சூடு ஆகவே ஆகாது. அசிடேட் சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், வினிகர் வாடையும் வரலாம். அவற்றைத் தனியே வையுங்கள். கேசட்டில் ஒலி மங்கினால் பெரும்பாலும் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருக்கும். டேப்பைத் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு மாற்றினால் போதும்.

டிஜிட்டல் பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக இருக்கட்டும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 2 ஜிபி பிடிக்கும். இரைச்சலை நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள், தம்புராவின் ரீங்காரமும் சேர்ந்து போய்விடக்கூடும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நோட்டுகளை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த பின்னை மட்டும் எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

உரிமைக்கு வருவோம். மெட்டின் பதிப்புரிமை அவர் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் வாரிசுகளுக்குத்தான். 2079 இறுதிவரை உண்டு. வரிகள் பாடலாசிரியருக்கு, கேசட் ஒலிப்பதிவு பெரும்பாலும் கம்பெனிக்கு. அதனால் பழைய ஒப்பந்தங்களைத் தேடி எடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பாடல் பட்டியலோடு, பாடல்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் வாரிசாகச் சேர்ந்தால் ராயல்டி கேட்கலாம்.

கேள்வி: சேகரிப்பாளர் ஒருவர் என் மாமனாரின் ஸ்வர நோட்டுகளில் நல்லவற்றை மட்டும் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். ஐரோப்பிய இசையமைப்பாளர் மொசார்ட் இறந்த பின் அவர் மனைவி கான்ஸ்டான்ஸ 1799இல் தன்னிடமிருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பாளர் ஆண்ட்ரேயிடம் மொத்தமாகத்தான் விற்றார். அவற்றில் பல பின்னர் பெர்லின் நூலகத்துக்குப் போய்ச் சேர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் நோட்டுகளையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் மொத்தமாகக் காட்டிப் பேசுங்கள். யாரிடம் கொடுத்தாலும் நோட்டு எண், பக்க எண்ணிக்கை எழுதிய கையெழுத்து ரசீது இல்லாமல் அசலைக் கொடுக்காதீர்கள்.