இடுப்பில் ஸ்க்ரூ, ராடு வைக்கச் சொல்கிறார்கள்: செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான்கு வருடமாக இடுப்பு வலி. காலுக்கு இறங்குவதில்லை, இடுப்போடு நின்றுவிடுகிறது. மாத்திரை, பெல்ட், ட்ராக்ஷன், கரண்ட் வைப்பது எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடத்திலும் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) தேய்மானம், பல்ஜ் (புடைப்பு) என்று வந்திருக்கிறது. ஸ்க்ரூ, ராடு வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள். சர்க்கரையும் இருக்கிறது. செய்துகொள்ளலாமா? செய்தால் மறுபடி மெஷினில் உட்கார முடியுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு வேண்டாம். நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்தான் கடைசி. ஆனாலும் இந்த ஆபரேஷனுக்கு அவசரம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

முதலில் கால் பயத்தைத் தீர்த்துவிடுவோம். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே, முதல் இரண்டு இடுப்பு முதுகெலும்புகளான எல்1-எல்2 அருகில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே போவது தனித்தனி நரம்பு வேர்கள்தான். எல்4-எல்5 டிஸ்க் பெரிதாகப் பிதுங்கினால் ஒரு நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப் போகலாம், உண்மை. அரிதாக, நரம்புக் கொத்து முழுவதும் நசுங்கி இரண்டு காலும் பலவீனமாகலாம். ஆனால் அதற்கு முன் கால் வலி, மரத்துப்போதல், பலக்குறைவு என்று உடம்பு ஏதாவது காட்டும். டிஸ்க் வெறுமனே தேய்ந்திருப்பதாலோ, லேசாகப் புடைத்திருப்பதாலோ கால் விளங்காமல் போவதில்லை. குதிகாலை ஊன்றி நாலடி நடங்கள், பிறகு நுனிக்காலில் நாலடி நடங்கள். இரண்டு காலும் ஒன்றுபோல ஒத்துழைத்தால் அந்த நரம்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி என்றால் காசநோய், கட்டி போன்றவற்றைத் தேட வேண்டும். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் ஒன்றும் அபூர்வமில்லை. சர்க்கரை உள்ள நீங்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். அதில் 'டிஸ்க் பல்ஜ், தீகல் சாக்கை (நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை) அழுத்துகிறது' என்று ஒரு வரி இருந்திருக்கும். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் வருபவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். இடுப்பு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை மொத்தமாகத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், பாதிப் பேருக்குப் பல்ஜ். 50 வயதில் தேய்மானம் 80 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது! எனவே உங்கள் படத்தில் இருக்கும் தேய்மானம்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று அந்தப் படம் மட்டும் சொல்லிவிட முடியாது.

ஃப்யூஷன் என்ற இந்த ஆபரேஷனில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் அசைவை நிறுத்துகிறார்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேஜ் என்ற சிறு கூட்டை வைத்து, எலும்புத் துகளை நிரப்பி, ஸ்க்ரூவும் ராடும் போட்டுப் பிடித்து வைப்பார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் எலும்பு ஒன்றாக வளர்ந்து சேரும். கிறீச்சிடும் கதவின் கீலை வெல்டு வைத்து அடைப்பது போன்ற வேலை இது. சத்தம் அந்தக் கீலிலிருந்து வந்திருந்தால் நிற்கும். வேறெங்கிருந்தோ வந்திருந்தால், கதவும் அசையாது, சத்தமும் நிற்காது.

அதனால்தான் அசைவே பிரச்சினையாக இருப்பவர்களுக்கு இந்த ஆபரேஷன் நன்றாகக் கைகொடுக்கிறது. ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் நழுவி, குனிந்தால் நிமிர்ந்தால் இன்னும் நகர்கிறவர்கள், எலும்பு முறிந்தவர்கள், காசநோயோ கட்டியோ எலும்பை அரித்துவிட்டவர்கள், முதுகு வளைந்துகொண்டே போகிறவர்கள். இவர்களுக்கு நானே 'செய்துகொள்ளுங்கள்' என்றுதான் சொல்வேன். நரம்பு நசுங்கிக் கால் வலிப்பவர்களில் பலருக்கு அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டாலே போதும், ஸ்க்ரூ தேவைப்படுவதில்லை. உங்கள் கடிதத்தில் எலும்பு நகர்வதும் தெரியவில்லை, நரம்பு நசுங்குவதும் தெரியவில்லை. வலி இடுப்பில் மட்டும், படத்தில் தேய்மானம் மட்டும். ஃப்யூஷனின் பலன் மிகவும் நிச்சயமில்லாத கூட்டம் இதுதான்.

இதை ஒழுங்காகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2001-இல் ஸ்வீடனில் 294 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஆபரேஷன் ஜெயித்தது. இரண்டு வருடத்தில் வலி சராசரியாக 33 சதவீதம் குறைந்தது; ஆபரேஷன் செய்யாத மற்றவர்களுக்கு 7 சதவீதம்தான். ஆனால் அந்த மற்றவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான பிசியோதான். 2003-இல் நார்வேயில், உங்களைப் போலவே எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 தேய்மானம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன் செய்தார்கள். மீதிப் பேருக்கு வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் வகுப்பும் தீவிர உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2005-இல் பிரிட்டனில் 349 பேருடன் இன்னும் பெரிதாகச் செய்தபோதும் ஆபரேஷனின் கை மயிரிழை அளவுக்குத்தான் ஓங்கியது. வெறும் இடுப்பு வலிக்கு, ஆய்வின் பகுதியாக அல்லாமல் ஃப்யூஷன் செய்ய வேண்டாம் என்று அந்த நாட்டின் 2016 வழிகாட்டு நெறியே சொல்கிறது.

கவனித்தீர்களா? எதிரணியில் அரைகுறை பிசியோ இருந்தால் ஆபரேஷன் ஜெயிக்கிறது, முறையான பயிற்சி இருந்தால் ஜெயிப்பது கஷ்டமாகிறது. நீங்கள் எழுதிய பட்டியலில் பெல்ட், ட்ராக்ஷன், கரண்ட் எல்லாமே நீங்கள் எதுவும் செய்யாமல் வாங்கிக்கொண்டவை. தசையை வலுவாக்கும் பயிற்சி ஒன்றுகூட அதில் இல்லை. எனவே 'எல்லாம் பார்த்தாயிற்று' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று மாதம் கொடுங்கள். இடுப்பு, பிட்டம், வயிற்றுத் தசைகளுக்கு வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் பயிற்சி, தினமும் நடை, மெல்ல மெல்லச் சுமையைக் கூட்டுவது. முதல் இரண்டு மூன்று வாரம் வலி கொஞ்சம் கூடினாலும் கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து இதையும் செய் என்றால் முடியாது, எனக்கும் தெரியும். உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்குமே? ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்து, பிடித்தம் போதிய நாட்களுக்கு இருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. பலர் இதை ஆபரேஷனுக்குத்தான் என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் நின்றபடி, குனிந்தும் பின்னால் வளைந்தும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். படுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தெரியாத நழுவல் இதில் தெரியும், செலவும் குறைவு. எலும்பு நகர்கிறது என்று வந்தால் நான் மேலே சொன்ன கணக்கே மாறும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படங்களை எடுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்வதால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். 'தேய்மானம் என்பதைத் தவிர என் நோய்க்கு என்ன பெயர்? ஏன் இரண்டு இடம்? ஆறு மாதம் காத்திருந்தால் எதை இழப்பேன்?' என்று நேரடியாகக் கேளுங்கள். காப்பீட்டில் வந்துவிடும், கைக்காசு போகாது என்பதெல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது.

இத்தனைக்கும் பிறகு செய்வது என்று முடிவானால், மூன்று மாத சராசரிச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி-யை 7.5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுப் படுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணில் கிருமி பிடிக்கும், எலும்பும் சேராது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும், நிகோடினும் எலும்பு சேருவதைக் கெடுக்கும். இரண்டு இடம் அசையாமல் போனால் மேலே இருக்கும் எல்3-எல்4 அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கும். ஆண்டுக்கு நூறில் இரண்டு மூன்று பேருக்குப் பக்கத்து இடத்திலும் புதிதாகத் தொல்லை வருகிறது. 46 வயதில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

மெஷின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃப்யூஷன் செய்தால் சில வாரங்களில் நாற்காலியில் உட்காரலாம். ஆனால் முழு ஷிப்ட் உட்காரக் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பீஸ் கட்டைத் தூக்குவது, தரையில் உட்கார்ந்து எழுவது அதைவிடத் தாமதமாகும். ஆபரேஷன் இல்லாமல் பயிற்சி மட்டும் என்றால் மெஷினை ஒரேயடியாக விட வேண்டியதில்லை. முதுகுச் சாய்மானம் உள்ள நாற்காலி கேளுங்கள், முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். பீஸ் ரேட்டில் அது கட்டுப்படியாகாது என்றால், அந்த மூன்று மாதத்துக்கு மட்டுமாவது செக்கிங் டேபிளுக்கு மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசிப் பாருங்கள்.