என் வயல் வரைபடத்தில் தண்ணீரானது ஏன்?

கேள்வி: உன்னிச்சைக் குளத்து நீரில் சிறுபோகம் செய்யும் எனக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. செய்மதிப் படத்தைக் கொண்டு தயாரித்த நிலவகை வரைபடமொன்றை அண்மையில் பார்த்தபோது, விதைப்புக்காகத் தண்ணீர் கட்டி உழுதிருந்த என் வயல் முழுவதும் வாவியைப் போல நீல நிறத்தில் இருந்தது. அடியில் ‘துல்லியம் 90 சதவீதம்’ என்று எழுதியிருந்தார்கள். இதை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?
– வாசகர், வவுணதீவு

பதில்: செய்மதி நெல்லை நெல்லென்று அறிவதில்லை, நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அளவையே அது பதிவுசெய்கிறது. நீங்கள் தண்ணீர் கட்டியிருந்த நாளில் வயலில் பயிர் இல்லை, தண்ணீரே இருந்தது. அந்த ஒரு நாட்படத்தை மட்டும் வைத்து நிலத்தை வகை பிரித்தால், உங்கள் வயல் வாவியோடு சேர்ந்துபோவதில் வியப்பில்லை. போகம் முழுவதும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்திருந்தால், நீராய் இருந்த இடம் பச்சையாகிப் பின்பு மஞ்சளாவது தெரிந்திருக்கும். வாவி அப்படி மாறுவதில்லை.

இனி அந்த 90 சதவீதத்துக்கு வருவோம். வரைபடத்தைத் தயாரிக்கப் பயன்படுத்தாத, தனியாகத் திரட்டிய தகவலோடு அதை ஒப்பிடுவதே சரிபார்த்தல் ஆகும். அதற்கான இடங்களைக் குலுக்கல் முறையில் தெரிய வேண்டும். வாகனம் போகக்கூடிய தார் வீதியோரத்து வயல்களை மட்டும் பார்த்துவிட்டு, உள்வட்டைகளுக்கு, அதாவது உள்ளே தள்ளியிருக்கும் வயல்வெளிகளுக்கு, போகாமல் திரும்பினால், கிடைக்கும் எண் வீதியோரத்துக்கே பொருந்தும். பார்த்த நாளும் படம் எடுத்த நாளும் நெருங்கியிருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் போய் நின்று, அங்கே நீர் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நான் எளிதில் நம்புவதில்லை. ஒரு பிரதேசத்தில் பத்தில் ஒரு பங்கே நீர்ப்பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எங்கும் நீரில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்த வரைபடமும் அங்கே 90 சதவீதம் சரியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நிலவகைக்கும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். வரைபடம் நீர் என்று காட்டிய 50 இடங்களுக்குப் போய்ப் பார்க்கையில் 40 இடங்களில் மட்டும் உண்மையில் நீர்நிலை இருந்தால், அதன் சொல்லை 80 சதவீதம் நம்பலாம். உண்மையில் நீர்நிலையான 60 இடங்களில் அந்த 40 இடங்களைத்தான் அது கண்டுபிடித்தது என்றால், மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டிருக்கிறது. 50 இடங்களில் கண்ட 80 சதவீதம் என்பதும் ஏறக்குறைய 11 சதவீதப் புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த ஐயத்தைப் பாதியாக்க 200 இடங்கள் வேண்டும்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான உலக நிலவகை வரைபடம் தன் மொத்தத் துல்லியத்தை 74.4 சதவீதம் என்றும், 2021ஆம் ஆண்டுக்கானது 76.7 சதவீதம் என்றும் வெளிப்படையாகவே சொல்கின்றன. அவை உலகம் முழுவதற்குமான எண்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள உங்கள் படுவான்கரை வயல்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

படத்தின் மிகச் சிறிய கட்டத்தின் அளவையும் கேளுங்கள். சென்டினல்-2 செய்மதியின் 10 மீற்றர் கட்டங்கள் ஓர் ஏக்கருக்குள் ஏறத்தாழ 40 அடங்கும். லேண்ட்சாட்டின் 30 மீற்றர் கட்டங்கள் நான்கோ ஐந்தோதான். 250 மீற்றர்க் கட்டமுள்ள படத்திலோ ஒரே கட்டம் 15 ஏக்கருக்கு மேல் என்பதால், உங்கள் வயலும் அயல் வயல்களும் வாய்க்காலும் ஒன்றாகக் கலந்துவிடும்.

பெரும்போகத்தில் சிக்கல் வேறு. மாரி மேகம் சென்டினல்-2இன் பார்வையை மறைக்கும் காலத்தில், மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ராடாரை நம்பியே வெள்ள வரைபடங்கள் தயாராகின்றன. அமைதியான நீர்ப்பரப்பு ராடார்ப் படத்தில் கருமையாகத் தெரியும். நீருக்குள் நிமிர்ந்து நிற்கும் நெற்பயிரோ ராடார் அலைகளைத் திருப்பியனுப்பி, வெள்ளம் இல்லாதது போலக் காட்டிவிடக்கூடும். வெள்ளத்தில் நின்ற வயல் வரைபடத்தில் இல்லாமற்போனால், இழப்பைக் கணக்கிடும்போது அந்த விவசாயியும் விடுபட்டுப்போவார் என்பதே என் பெரிய கவலை.

கேள்வி: கைபேசியுடன் நாங்களே இத்தகைய தகவலைத் திரட்ட முடியுமா?
– மாணவி, சம்மாந்துறை

பதில்: முடியும், மகளே. வரம்பில் நிற்காமல் வயலின் நடுவில் நில்லுங்கள். கைபேசி காட்டும் இடம் திறந்த வெளியிலும் சில மீற்றர் பிசகும் என்பதால், வரம்பில் நின்றால் எந்த வயலைக் குறித்தீர்கள் என்பதே தெரியாமற்போகும். இடக்குறியீடு, திகதி, நேரம், பயிரின் உயரம், நீர் நிற்கிறதா என்பது ஆகியவற்றை எழுதி, நான்கு திசையிலும் படம் எடுங்கள். வரைபடத்தோடு பொருந்திய இடங்களையும் விடாமல் குறியுங்கள். பிழையான இடங்களை மட்டும் சேர்த்தால் அதிலிருந்து எந்தச் சதவீதத்தையும் கணக்கிட முடியாது.