மீந்த பொரியலில் சாண்ட்விச்: ரொட்டி ஏன் சதசதக்கிறது?

கேள்வி: இரவு மீந்த உருளைக்கிழங்கு மசாலா, முட்டைகோஸ் பொரியல் ஆகியவற்றை மறுநாள் காலையில் டோஸ்டரில் வைத்து சாண்ட்விச் செய்கிறேன். வெளியே கருகுகிறது, உள்ளே சதசதவென்று இருக்கிறது. டோஸ்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், டோஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பொரியலை அப்படியே உள்ளே வைப்பதுதான் சிக்கல். ரொட்டி பொன்னிறமாக மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். ஈரமான இடமோ, அந்த ஈரம் வற்றும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. நடுவில் இருக்கும் ஜில்லென்ற பொரியல் சூடாவதற்குள் வெளிப்பக்கம் கருகிவிடும். பொரியல் விடும் நீரோ ரொட்டியின் உள்பக்கத்தில் ஊறிவிடும்.

அதனால் உள்ளே வைப்பதை முதலில் வாணலியில் போட்டு, ஆவி பறக்கும் அளவு சூடாக்கிச் சுண்ட வையுங்கள். பூரிக்குச் செய்த மசாலா தளர்வாக இருக்கும். வாணலியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கிளறுங்கள். முட்டைகோஸ் உப்புப் பட்டதால் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ருசியும் கூடும். அப்புறம் ஐந்து நிமிடம் ஆவி அடங்க விட்டு ரொட்டியில் வையுங்கள்.

கூட்டு, அவியலை இதற்கு எடுக்காதீர்கள், எவ்வளவு சுண்டினாலும் சரிவராது. மட்டன் சுக்கா மீந்திருந்தால் விடவே விடாதீர்கள்! எலும்பை நீக்கி உதிர்த்து வைத்தால் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. எதுவானாலும் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். இரவெல்லாம் வெளியே இருந்த தேங்காய் போட்ட பொரியலைக் கொட்டிவிடுங்கள்.

ரொட்டி முந்தைய நாளுடையதாக இருந்தால் நல்லது. உள்பக்கமும் வெண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள், ஈரம் எளிதில் ஏறாது. காரத்துக்குத் தண்ணீர் சட்னி வேண்டாம், கெட்டியான கொத்தமல்லித் துவையல் போதும். ஓரத்தில் அரை அங்குலம் இடம் விட்டால்தான் விளிம்பு ஒட்டும்.

டோஸ்டர் இல்லாதவர்கள் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, சாண்ட்விச்மேல் அடி தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி ஏற்றினால் போதும். எடுத்ததும் தட்டில் படுக்க வைக்காதீர்கள். அடியில் ஆவி தேங்கி மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டில் வையுங்கள். டிபன் பாக்ஸ் என்றால் நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள்.